விலங்கு மனிதர் வேடமும் வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லார்ப் என்பது மேடையும் வசனத்தாளும் இல்லாமல், காட்டிலோ மைதானத்திலோ ஒரு கதாபாத்திரமாகவே நடமாடி, பேசி, சண்டை போட்டு விளையாடும் விளையாட்டு. சில மணி நேரத்தில் முடிவதும் உண்டு, கூடாரம் போட்டு மூன்று நான்கு நாள் நடப்பதும் உண்டு. அதில் நரி மனிதன், கரடி இனத்துக் கிழவி, பல்லிப் படைவீரன் என்று விலங்கும் மனிதரும் கலந்த பாத்திரங்களுக்கு எப்போதுமே மவுசு அதிகம். காகிதத்தில் வரையும்போது எல்லா வேடமும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் வெயிலில் ஓடிய பிறகுதான் அதன் லட்சணம் தெரியும். புதிதாகத் தைக்க உட்காருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், பெரும்பாலும் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களும் இவை.

உடம்பு முழுக்க ரோமம் வேண்டுமா?

வேண்டாம். பாதிப் பிரச்சினை இந்த ஆசையில்தான் பிறக்கிறது. பார்ப்பவரின் கண் முதலில் முகத்துக்குப் போகும், அப்புறம் காது, கை, வால். இந்த நான்கும் விலங்காக இருந்துவிட்டால் நடுவில் இருக்கும் உடம்பை அவர்களே கற்பனையில் நிரப்பிக்கொள்வார்கள். சட்டைக் கழுத்து, கைமுனை, கால்சட்டையின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் நான்கு விரல் அகலத்துக்கு ரோமம் எட்டிப் பார்த்தால் போதும். உள்ளே இருப்பது சாதாரணச் சட்டைதான் என்பது உங்களோடு இருக்கட்டும்.

முழு உடல் ரோம அங்கி என்பது தனிக் கலை. பெரும்பாலும் அரங்குக்குள், கொஞ்ச நேரம் போட்டு, கழற்றி ஓய்வெடுத்து, மறுபடி போடுவதற்காகச் செய்யப்படுவது அது. லார்ப்பில் அதே உடையோடு ஓட வேண்டும், புதருக்குள் பதுங்க வேண்டும், கீழே விழ வேண்டும், எழ வேண்டும்.

ஒரே வேடத்தை எல்லாப் பருவத்துக்கும் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், துண்டு துண்டாகத் தைத்தால். இதற்கு விலங்குகளே வழி காட்டுகின்றன. துருவ நரிக்குக் குளிர்காலத்தில் அடர்ந்த வெள்ளை ரோமம் இருக்கும். கோடை வந்தால் அது உதிர்ந்து மெல்லிய பழுப்பு ரோமம் முளைக்கும். நரி ஒன்றுதான், சட்டைதான் இரண்டு.

உங்கள் பாத்திரமும் அப்படியே இருக்கட்டும். தலை, கை, வால் மூன்றும் எப்போதும் மாறாதவை. தோள்போர்வை, மார்புத் துண்டு, முழங்கை வரை வரும் உறை, கெண்டைக்கால் உறை ஆகியவை தனித்தனியாக மாட்டிக் கழற்றும்படி இருக்க வேண்டும். வெயில் ஏறினால் இரண்டைக் கழற்றுவீர்கள், இரவு குளிர்ந்தால் எல்லாவற்றையும் மாட்டுவீர்கள். யாராவது கேட்டால் "இது எங்களுக்கு ரோமம் உதிரும் மாதம்" என்று கதைக்குள்ளேயே சொல்லிவிட்டு முதுகைச் சொறிந்துகொள்ளுங்கள். அதுவும் நடிப்புதான்.

மாட்டுவதற்குப் பெரிய பட்டனும் நாடாவும்தான் என் விருப்பம். வெல்க்ரோ சுலபம், ஆனால் அதன் கொக்கிப் பக்கம் ரோமத்தையும் பிடித்துக்கொள்ளும். வெல்க்ரோதான் வேண்டும் என்றால், அது ஒட்டும் இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரோமத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது?

மனதுக்குப் பிடித்ததை. ஆனால் விளையாட்டு நடக்கும் மாதத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வெயில் காலத்துக்குப் பல்லி, உடும்பு, மான், பறவை எல்லாம் நல்ல தேர்வு. செதில்களைத் தோள், முன்கை, நெற்றி என்று ஆங்காங்கே வைத்து மீதியைத் துணியில் பூச்சாக முடித்துவிடலாம். மானுக்குக் கொம்பும் காதும் மூக்கும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. குளிருக்குக் கரடி, ஓநாய், காட்டெருமை. மழைக் காலத்துக்குத் தவளை, ஆமை, நீர்நாய். நனைந்த தவளையை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

நரியேதான் வேண்டும், அதுவும் கொளுத்தும் வெயிலில் என்றால் பாலைவனத்து ஃபென்னெக் நரியைப் பாருங்கள். உடம்பு சின்னது, காது மட்டும் பிரம்மாண்டம். அந்தக் காது வழியாகத்தான் அது உடல் சூட்டை வெளியே விடுகிறது. துருவ நரிக்கு நேர்மாறாக, சூடு போய்விடக் கூடாது என்பதற்காகக் குட்டிக் காது. பெரிய காது, ஒட்ட வெட்டிய ரோமம், மணல் நிறத் துணி என்று வைத்தால் வேடமும் நம்பும்படி இருக்கும், உங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

செயற்கை ரோமத் துணியை எப்படி வெட்டுவது, எப்படித் தைப்பது?

பெரும்பாலான ரோமத் துணிகளில் மேலே இருக்கும் முடி அக்ரிலிக் இழை, கீழே இருக்கும் அடித்துணி பாலியஸ்டர் பின்னல். இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கப் பழகினால் எல்லாம் எளிது. வெட்ட வேண்டியது அடித்துணியை மட்டும், முடியை அல்ல. துணியைக் குப்புறப் போட்டு, அடித்துணியில் பேனாவால் வரைந்து, கட்டர் பிளேடின் நுனியால் பின்னலை மட்டும் கீறுங்கள். அப்புறம் இரண்டு கையாலும் மெல்லப் பிரித்தால் முடி அறுபடாமல் தானாகப் பிரிந்து வரும். கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினால் ஓரம் மொட்டை அடித்ததுபோல் ஆகி, தையல் தெரிந்துவிடும். வெட்டும்போது பறக்கும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் போகும். முகக்கவசம் கட்டாயம்.

அடுத்தது முடி படியும் திசை. கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் சிலிர்க்கும். வழுக்கும் திசைக்கு அடித்துணியில் ஒரு அம்புக்குறி போடுங்கள், எல்லாத் துண்டிலும் போடுங்கள். அம்பு தலையிலிருந்து கால் நோக்கி இறங்க வேண்டும். இது அழகுக்காக மட்டும் இல்லை. அம்பு கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் முடி வழியாக வழிந்துவிடும், மேல்நோக்கி இருந்தால் நேராக அடித்துணிக்குள் இறங்கும். தைக்கும்போது முடியை உள்பக்கம் தள்ளிக்கொண்டு அடித்துணி ஓரங்களை மட்டும் சேர்த்துத் தைத்து, பிறகு தையலில் மாட்டிய முடிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வாரிவிட்டால் தையல் எங்கே என்று உங்களுக்கே தெரியாது.

வெயில் காலத் துண்டுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். முடி மட்டுமல்ல, உடம்பை மூடும் அந்த அடித்துணியும் சூட்டை அடைத்து வைக்கும். அதனால் நீள முடி உள்ள துணியை இரண்டு விரல் அகல நாடாக்களாக வெட்டி, வலைத்துணியின் மேல் இடைவெளி விட்டு வரிசையாகத் தையுங்கள். மேல் வரிசையின் முடி கீழே உள்ள இடைவெளியை மூடிக்கொள்ளும், கூரை வேய்வதுபோல. காற்று உள்ளே போய் வரும், துணியும் பாதிதான் செலவாகும். வேலை மட்டும் இரண்டு மடங்கு.

வெயிலில் எப்படித் தாக்குப்பிடிப்பது?

உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால்தான். வேடத்தின் வேலை அந்த ஆவிக்கு வழி விடுவது. அக்குள், முதுகுத்தண்டு, முழங்காலின் பின்பக்கம், பிடரி ஆகிய இடங்களில் ரோமமே வேண்டாம், வலைத்துணி வையுங்கள். பல விலங்குகளுக்கும் உடம்பெங்கும் முடி ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை, நீங்கள் ஏமாற்றியதாகாது. தலை முகமூடியாக இருந்தால் உள்ளே நெற்றியிலும் இரு பொட்டிலும் சிறு ஃபோம் துண்டுகளை ஒட்டி, முகமூடி தலையைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிற்கும்படி செய்யுங்கள். அந்த ஒரு விரல் இடைவெளியில் ஓடும் காற்றுதான் உங்களைக் காப்பாற்றும். மூக்குப் பகுதிக்குள் 5 வோல்ட் சின்ன விசிறி ஒன்றைப் பொருத்தி இடுப்பில் பவர் பேங்க் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சூடான காற்றை வெளியே இழுக்கும் திசையில் அதை வைத்து, புதுக்காற்று வர வேறொரு துளையும் விடுங்கள். வரும் வழி இல்லாத விசிறி சத்தம் மட்டும்தான் போடும்.

வறண்ட வெயிலில் உள்சட்டையை நனைத்துப் போட்டாலே சுகமாக இருக்கும். புழுக்கத்தில் அந்த வித்தை பலிக்காது; காற்றே ஈரமாக இருக்கும்போது வியர்வை எங்கே போய் ஆவியாகும்? அப்போது நிழல், விசிறி, அடிக்கடி ஓய்வு, வேறு வழியில்லை. குளிர்ச்சி தரும் உள்கோட்டுகள் கிடைக்கின்றன. ஐஸ் பை வைப்பது ஒரு வகை, பனிக்கட்டியைவிடக் கூடுதல் வெப்பநிலையில் உருகும் பொருள் வைத்தது இன்னொரு வகை. இரண்டாவது வகை அளவுக்கு மீறிய குளிரால் தோலைப் புண்ணாக்காது. ஐஸ் பையை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு இதில் ஒன்று வந்தாலும் ஆட்டம் நின்றுவிட வேண்டும். நிழலுக்குப் போய்த் தலையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, உடம்பை நனையுங்கள். பேச்சுக் குழறுவது, சம்பந்தமில்லாமல் உளறுவது, மயங்குவது என்று போனால் அது வெப்பத்தாக்கு, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உடனே ஆம்புலன்ஸ், அது வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது. இதில் லார்ப்புக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கரடி வேடம் போட்டவர் தடுமாறி உறுமினால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், நடிப்பு என்று நினைத்து. அதனால் கதையில் யாரும் சொல்லவே மாட்டாத ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் நிஜம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பேச்சே எழவில்லை என்றால் என்ன செய்வது என்று ஒரு கைச்சைகையும்.

முகமூடியா, முகப்பூச்சா, ஒட்டு மூக்கா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைத்ததாம். முழு முகமூடி போட்ட பூனைக்கு நிஜமாகவே பாதி உலகம் இருண்டுவிடும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, காலடியும் தெரியாது. சண்டை இருக்கும் ஆட்டத்தில் அது உங்களுக்கும் எதிராளிக்கும் ஆபத்து. நான் எப்போதும் அரை முகமூடிதான் சொல்வேன். நெற்றி, மூக்கு, மேல் கன்னம் வரை முகமூடி. வாயும் தாடையும் திறந்திருக்கும், அங்கே அதே நிறத்தில் பூச்சு. பேசலாம், குடிக்கலாம், மூச்சும் உள்ளே தேங்காது.

பூச்சில் மூன்று வகை. தண்ணீரில் குழைப்பது எளிது, வியர்வையிலும் மழையிலும் ஓடிவிடும். எண்ணெய்ப் பசை உள்ளது மேலே பவுடர் போட்டு அமுக்கினால் தாங்கும், வெயிலில் கொஞ்சம் வழுக்கும். ஆல்கஹாலில் கரைக்கும் பூச்சு வியர்வைக்கும் மழைக்கும் அசையாது, ஆனால் கண்ணருகே வேண்டாம், கழுவவும் தனித் திரவம் வேண்டும். எதுவானாலும் முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பல ஒட்டு மூக்குகள் லேடெக்ஸ் என்ற ரப்பரில் செய்தவை, அந்த ஒவ்வாமை சிலருக்கு இருக்கிறது, வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டும் பசையை அதற்கான நீக்கியால் கரைத்து எடுக்க வேண்டும். பிய்த்து எடுத்தால் தோலும் கூட வரும். வெயில் தடுப்பு க்ரீம் போடுவதானால் எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டு, நன்றாக ஊறவிட்டு, மிச்சப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூக்கு மதியத்துக்குள் கழன்று விழும்.

மழை வந்தால்?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என் கதையில் நனைந்ததே ஓநாய்தான். நான் முதன்முதலில் தைத்த வேடம் அது: இடுப்பு வரை தொங்கும் ரோமப் போர்வை, உள்ளே பருத்தி லைனிங், பஞ்சு திணித்த வால், காகிதக்கூழ் முகமூடி. அரை மணி நேர மழை. காகிதக்கூழ் மூக்கு முதலில் கீழ்நோக்கி வளைந்தது, ஓநாய் யானையாகப் பார்த்தது. போர்வை தோளை அழுத்தத் தொடங்கியது. வால் நீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, கால்சட்டையையும் சேர்த்துக் கீழே இழுத்தது. மற்ற எல்லோரும் எதிரிப் படையோடு மோதிக்கொண்டிருக்க, நான் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன்.

நீர் தங்குவது முடியில் அல்ல. அடித்துணியில், லைனிங்கில், திணித்த பஞ்சில். அதனால் லைனிங்குக்குப் பருத்தி வேண்டாம், சீக்கிரம் காயும் மெல்லிய செயற்கைத் துணி போதும். திணிப்பதற்குப் பஞ்சுக்குப் பதில் நீர் உறிஞ்சாத ஃபோம். கூடாரத்தில் விரித்துப் படுக்கும் ஃபோம் பாய் இதற்கு அற்புதமான சரக்கு. காதையும் மூக்கையும் ஈவிஏ ஃபோமில், அதாவது செருப்பின் அடிப்பகுதி போன்ற மெத்தென்ற தகட்டில் செய்யுங்கள். 2, 5, 10 மி.மீ. தடிமன்களில் கிடைக்கும், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்தால் அப்படியே நிற்கும், தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும், அதனால் செருப்பு ஒட்டும் வகைப் பசையான காண்டாக்ட் சிமெண்ட்தான் சரி, அதையும் காற்றோட்டமான இடத்தில் பூசுங்கள். ஃபோமின் மேல் வளையக்கூடிய பெயிண்ட் இல்லையென்றால் முதல் மடக்கிலேயே வெடிப்பு விழும்.

எல்லாவற்றுக்கும் மேல், கதைக்குப் பொருந்தும் ஒரு மழைப் போர்வையை வேடத்தின் பகுதியாகவே தைத்து வையுங்கள். மெழுகு ஏற்றிய கனத்த துணியில், காதுக்கு இரண்டு பொந்து வைத்த முக்காடு. ஓநாய்க்கும் நனையப் பிடிக்காது என்பதில் தப்பில்லை. நீர் விரட்டும் ஸ்ப்ரே தூறலுக்கு உதவும், கொட்டும் மழைக்கு அதை நம்பாதீர்கள்.

வால் எப்போதும் தொங்கிப்போகிறது, அவிழ்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

கால்சட்டையில் தைக்காதீர்கள். வாலுக்கென்று அகலமான தனி பெல்ட், அது உடைக்கு உள்ளே, உடையில் ஒரு கீறல் வழியாக வால் மட்டும் வெளியே. பெல்ட்டில் ஒரு வளையத்துக்குப் பதில் ஓர் உள்ளங்கை அகலம் தள்ளி இரண்டு வளையங்கள் வைத்தால் வால் பக்கவாட்டில் சாயாது. வாலின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஃபோம் கட்டை, மீதி வெறும் ரோம உறை. புசுபுசுப்பை முடியே பார்த்துக்கொள்ளும், நடக்கும்போது நுனி தானாக ஆடும். நுனியில் ஒரு சிறு வளையத்துளை போட்டால் மழைநீர் வடிந்துவிடும்.

நீளம் கெண்டைக்கால் நடுவோடு நிற்கட்டும். அதற்குக் கீழே போனால் சேறு, முள், பின்னால் வருபவரின் செருப்பு. யாராவது மிதித்தால் வால் கழன்று வர வேண்டும், நீங்கள் மல்லாக்க விழக் கூடாது. அதற்காகப் பெல்ட்டோடு சேரும் இடத்தில் அழுத்துப் பட்டன் வையுங்கள். உலோகக் கம்பி உள்ளே வைத்து வாலை நிமிர்த்தலாமா என்று கேட்பார்கள். சண்டை இல்லாத ஆட்டத்தில் மட்டும், அதுவும் நுனியைத் தடிமனாகச் சுற்றிய பிறகு. உட்காரும்போது குத்தும், சொல்லிவிட்டேன்.

குளிரிலும் பனியிலும் ரோமமே போதாதா?

போதாது, இது பலர் எதிர்பாராத விஷயம். செயற்கை ரோமத்தின் அடித்துணி பின்னல் என்பதால் காற்று ஊடுருவிவிடும். உள்ளே காற்றுப் புகாத மெல்லிய துணியை லைனிங்காகக் கொடுத்தால்தான் ரோமம் நிஜமாகக் கதகதப்பாகும். உடம்போடு ஒட்டி வியர்வையைக் கடத்தும் உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் வேடம். பருத்தி மட்டும் தோலில் படவே வேண்டாம். ஓடும்போது வியர்த்து நனையும், நின்றவுடன் அந்த ஈரமே எதிரி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். அதனால் குளிரிலும் கழற்றி மாட்டும் துண்டுகள் முக்கியம். சண்டைக்கு முன் தோள்போர்வையைக் கழற்றி, முடிந்ததும் உடனே போர்த்திக்கொள்ளுங்கள்.

குளிர் பொருட்களையும் பாடாய்ப் படுத்தும். உருக்கி ஒட்டும் பசையான ஹாட் குளூ விறைத்து, வழவழப்பான பரப்பிலிருந்து பட்டென்று விட்டுவிடும். பிவிசி நொறுங்கும், லேடெக்ஸ் இறுகும். பேட்டரியின் சக்தி குறையும், அதனால் ஒளிரும் கண், விசிறி போன்றவற்றின் பேட்டரியை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். பாத உறை போன்ற விலங்குக் கைக்குள் மெல்லிய கம்பளிக் கையுறை போட்டு, விரல் நுனி மட்டும் வெளியே வர ஒரு மடிப்புத் திறப்பு வைத்தால் முடிச்சு அவிழ்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டியதில்லை.

நடுக்கம், விரல் சொன்னபேச்சுக் கேட்காமை, குழறல் இருந்தால் உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைகிறது என்று பொருள். 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். உலர்ந்த துணி மாற்றி, கதகதப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள், உதவிக்கு ஆள் அழையுங்கள். இங்கேயும் அந்த முன்னேற்பாட்டுச் சொல் உதவும்.

பலத்த காற்றில் காது மடங்குகிறதே?

காதின் நடுவே விரல் நுழையும் அளவு துளையிட்டு நீள முடியால் மறையுங்கள், காற்று அதன் வழியே போய்விடும். தலைப்பட்டையில் இருந்து தாடைக்கு அடியில் ஒரு எலாஸ்டிக்கும் வேண்டும்.

விலங்கின் பின்னங்கால் மாதிரி வளைந்த கால் எப்படி?

தொடையின் முன்பக்கமும் கெண்டைக்காலின் பின்பக்கமும் ஃபோம் திண்டு வைத்து மேலே ரோமக் கால்சட்டை போட்டால் கண்ணுக்கு அந்த வளைவு வந்துவிடும். பார்க்க அபாரம், போட்டவருக்குப் போர்வைக்குள் நிற்பதுபோல இருக்கும். வெயிலில் கெண்டைக்கால் திண்டை மட்டும் வையுங்கள், அதிலும் செங்குத்தாக வாய்க்கால் வெட்டிவிடுங்கள். சோபாவில் வைக்கும் ஸ்பாஞ்ச் மழையை முழுக்கக் குடிக்கும், தவிருங்கள். பாதத்துக்கு நல்ல பிடிமானமுள்ள பூட்ஸின் மேல் உறை மட்டும் போடுங்கள், அடியை மூடாதீர்கள். கரடு முரடான தரையில் குதிகால் தூக்கிய கட்டைக்கால் வேண்டவே வேண்டாம்.

நகம், பல், கொம்பு எதில் செய்வது?

நகமும் கொம்பும் ஃபோமில்தான். கொம்பின் உள்ளே கட்டையோ கம்பியோ இருந்தால் பல ஆட்டங்களில் பாதுகாப்புச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள், அது நியாயமும்கூட. பல்லுக்குச் சுடுநீரில் மென்மையாகும் பிளாஸ்டிக் மணிகள் வசதியானவை. ஏறத்தாழ 60 டிகிரியில் களிமண்ணாகி, கொஞ்சம் ஆறவிட்டு வாய்க்கேற்ப வடித்தால் அப்படியே இறுகும். இதே குணம்தான் ஆபத்தும். ஒரு முறை அழகாகச் செய்த கோரைப்பற்களைக் காரின் டாஷ்போர்டில் வெயிலில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அங்கே பல் இல்லை, ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. ஹாட் குளூவால் ஒட்டியவையும் மூடிய காருக்குள் பிரியும், ஈவிஏ ஃபோமும் வடிவம் மாறும்.

இரவு நெருப்பைச் சுற்றி உட்காரலாமா?

தள்ளி உட்காருங்கள். அக்ரிலிக் முடி தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மோட் அக்ரிலிக் வகை இழை தீயைக் கொஞ்சம் தாங்கும், கம்பளி உருகாமல் கருகும். நெருப்போரம் போகும்போது வாலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதுதான் என் பழக்கம். முதுகுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கண்ணில் வண்ண லென்ஸ்?

கண் மருத்துவர் பரிசோதித்து அளவெடுத்துத் தந்தால் மட்டும். தூசியும் புகையும் இருக்கும் ஆட்டத்தில் அப்போதும் வேண்டாம் என்பேன். முகமூடியின் கண் ஓரத்தைக் கறுப்பாக்கினாலே பார்வை மாறிவிடும்.

கொசு, உண்ணி?

டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு மருந்து சில பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் கரைக்கும். வேடத்தை மாட்டும் முன் தோலில் தடவி உலரவிடுங்கள், கையையும் கழுவுங்கள். புல்வெளியில் உருண்டு வந்தால் ரோமத்தைச் சீவி உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூடாரத்துக்குள் போக வேண்டும்.

இரண்டாம் நாள் வேடம் நாறுகிறது. துவைக்கலாமா?

ரோமத் துண்டுகளைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசலாம், முறுக்கக் கூடாது. சூடான காற்றில் காயவைத்தால் முடி சுருண்டு கம்பளிப்பூச்சிபோல் ஆகிவிடும், அதற்கு வைத்தியமே கிடையாது. காற்றில் ஆறவிட்டு, பாதி ஈரத்தில் நாய்க்கு வாரும் கம்பி பிரஷால் நுனியிலிருந்து தொடங்கி வாருங்கள். ஆட்டத்துக்கு நடுவே துவைக்க முடியாது என்றால் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை உள்பக்கம் மட்டும் லேசாகத் தெளித்து, நெருப்புக்கு எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். பூச்சுப் பூசிய பகுதியில் ஆல்கஹாலைத் தெளித்தால் நிறம் கரைந்துவிடும். ஈரமாகப் பையில் அடைத்து வீட்டுக்கு எடுத்துப்போய் மறந்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சை வணக்கம் சொல்லும்.

இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

காது, மூக்கு, வால், இந்த வரிசையில். கை உறைக்கு நேரம் கிடைத்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் கையில் பூச்சும் முன்கையில் ஒரு ரோமப் பட்டையும் போதும். ஐந்தாவது நாளோடு தையலை நிறுத்திவிடுங்கள். ஆறாவது நாள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், அப்புறம் குளியலறைக்குள் போய்த் தலையோடு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே துளை போட்டு, ஏழாவது நாள் முழுக்கக் காயவிடுங்கள்.